பெரியப்பா வாய் திறக்காத இரண்டு கூட்டங்கள்

எங்கள் வகுப்பை மூடுவதென்று முடிவு செய்தது யார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு, பாதி மூடினால் போதும் என்று முடிவு செய்தது யார் என்பதும் தெரியாது. இரண்டு முடிவுகளும் எடுக்கப்பட்டபோது நான் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் என் சொந்தப் பெரியப்பா. போதாததற்கு, பல்கலைக்கழகச் சட்டப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்தவள் நான். அப்படியும் புரியவில்லை. இப்போது பட்டம் கைக்கு வந்து, அப்பா அதற்குக் கண்ணாடிச் சட்டமும் போட்டு மாட்டியாயிற்று. குழப்பம் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் பியூசி முடித்த வருஷம்தான் தூத்துக்குடியில் எங்கள் கல்லூரியில் கடல் உயிரியலில் பி.எஸ்ஸி. தொடங்கினார்கள். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சங்கு குளிக்கப் போகிறவர்கள் சங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கரையில் உதறிவிட்டுப் போவார்கள். அந்தக் குவியலைக் கிளறிக் கிளறி வளர்ந்தவள் நான். முத்துச் சிப்பி, நட்சத்திர மீன், பெயர் தெரியாத வழுவழுப்புகள். இதற்கெல்லாம் ஒரு படிப்பு உண்டு, பரீட்சை உண்டு என்றால் விட முடியுமா? அப்பாவிடம் போய் நின்றேன். அப்பா துறைமுக ஆபீசில் குமாஸ்தா. எதையும் யோசித்துத்தான் சொல்வார்.

"மூணு வருஷம்," என்றார். "அதுக்கு மேல ஒரு நாள் கேக்கப்படாது. வேம்பார்ல இருந்து உன்னியப் பொண்ணு கேட்டு வந்திருக்காவ. படிப்பு முடியட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். நாலாவது வருஷம்னு வந்து நின்னே, படிப்பு அங்கனயே நின்னுரும்."

சரி என்றேன். மூன்று வருஷப் படிப்பு மூன்று வருஷத்தில் முடியாமல் எங்கே போய்விடும் என்று நினைத்தேன்.

வகுப்புக்குக் கிடைத்திருந்ததோ ஒரு வருஷத் தற்காலிக அனுமதி. அது நீடிக்க வேண்டுமானால் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்து பார்த்து நன்றாக எழுத வேண்டும். வந்தார்கள். கறுப்பு ஷூ போட்ட பேராசிரியர்கள். எங்கள் ஆய்வகத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கடல் நீர் ஓடுகிற தொட்டி எங்கே?" என்று கேட்டார்கள்.

எங்கள் ஆசிரியர் சன்னலைத் திறந்தார். "அதோ இருக்கு சார்."

வெளியே கடல் இருந்தது. புதுத் துறைமுகத்துக்குக் கல் ஏற்றிப் போகும் லாரிகளுக்கு அந்தப் பக்கம், பளபளவென்று, முழுசாக. தினமும் அதிலிருந்துதான் மண்ணெண்ணெய் டின்னில் மொண்டு வந்து எங்கள் நண்டுகளை உயிரோடு வைத்திருந்தோம். குழுவில் ஒருவர் சன்னலருகே நின்று, "நல்ல காற்று," என்றுகூடச் சொன்னார். போன பிறகு அறிக்கையில் எழுதினார்கள்: ஆய்வகத்தில் கடல் நீர் வசதி இல்லை. வகுப்பைத் திரும்பப் பெறலாம்.

திரும்பப் பெற்றால் எங்களை எல்லாம் சாதாரண விலங்கியலுக்கு மாற்றுவார்களாம். பாடம் வேறு என்பதால் மறுபடியும் முதல் வருஷத்திலிருந்து. ஆக நாலு வருஷம். மற்றவர்களுக்கு அது ஒரு வருஷ நஷ்டம். எனக்கு அது வேம்பார்.

அறிக்கையை யார் ஏற்பார்கள், யார் தள்ளுவார்கள் என்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று எனக்கு வெறி வந்துவிட்டது. நூலகத்தில் பல்கலைக்கழகக் காலண்டர் என்று ஒரு தடிப் புத்தகம் இருந்தது. பெயர்தான் காலண்டர், உள்ளே முழுக்கச் சட்டமும் விதியும். அதைப் படித்துவிட்டு வந்து ஆய்வகக் கரும்பலகையில் வகுப்புக்கே படம் போட்டுக் காட்டினேன். எதைப் படிப்பிப்பது என்பதை அகாடமிக் கவுன்சில் சொல்லும். எந்தக் கல்லூரியில் படிப்பிப்பது என்பதைச் சிண்டிகேட் முடிவு செய்யும், ஆனால் அகாடமிக் கவுன்சிலைக் கேட்டுக்கொண்டுதான். சிண்டிகேட் செய்ததைப் பற்றி செனட் கேள்வி கேட்கலாம். அந்தக் கேள்விக்குச் சிண்டிகேட் பதில் தயாரிக்கும். சிண்டிகேட்டில் சிலரைத் தேர்ந்தெடுத்து அனுப்புவதும் செனட்தான். அம்புக்குறி போட்டுக்கொண்டே போனேன். கடைசி அம்பு முதல் கட்டத்திலேயே வந்து குத்தியது.

"ஏளா, இது நண்டு நடக்க மாதிரில்லா இருக்கு," என்றாள் பக்கத்தில் இருந்தவள். வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அந்தப் படத்தில் ஒரு கட்டத்துக்குள் என் பெரியப்பா இருந்தார்.

பெரியப்பா தோணி ஏஜெண்ட். கொழும்புக்குப் போகும் சரக்குத் தோணிகளுக்குச் சரக்கு பிடித்துக் கொடுப்பவர். அந்தக் காலத்துப் பி.ஏ. படித்தவர். பட்டதாரிகள் சேர்ந்து செனட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் எங்கள் கடற்கரைப் பட்டதாரிகள் அத்தனை பேரும் அவருக்கே போட்டார்கள். எல்லாரும் ஏதோ ஒரு வகையில் சொந்தக்காரர்கள். செனட்டிலிருந்து சிண்டிகேட்டுக்கு ஆள் எடுத்தபோது, கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒருவர் இருக்கட்டும் என்று அவரையே அனுப்பினார்கள். பீச் ரோட்டில் அவருடைய ஆபீசுக்கு ஓடினேன்.

"அஜெண்டாவுல எங்க வகுப்பு வருதாம் பெரியப்பா. நீங்க எதுக்கணும்."

"எதுக்காம? எம் மவளே அடுத்த வருஷம் அங்கனதான் சேருவேன்னு ஒத்தக் கால்ல நிக்கா. நீ போயி நண்டப் பாரு. கூட்டத்த நான் பாத்துக்கிடுதேன்."

அவருடைய மகள், என் தங்கச்சி, அப்போது பியூசி படித்துக்கொண்டிருந்தாள். என் ஆய்வக வெள்ளைக் கோட்டு தனக்குத்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள். அதில் மை பட்டால் எனக்கு முன்னால் அவள்தான் கத்துவாள்.

கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் அம்பாசடர் காரில் கூட்டிப் போனார். பெரிய கட்டடம், நீளமான வராந்தா, மூடிய தேக்குக் கதவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். உள்ளே என்ன நடக்கிறது என்று ஒன்றும் கேட்கவில்லை. பியூன் ஒருவர் தட்டு நிறைய முந்திரிப் பருப்பு கொண்டு போனார். காலித் தட்டோடு திரும்பினார். ஏதோ வேலை நடக்கிறது என்று மட்டும் தெரிந்தது.

கதவு திறந்து பெரியப்பா வெளியே வந்தார். முகமெல்லாம் வெற்றி.

"முடிஞ்சுது. இனி ஒருத்தன் உங்க வகுப்புப் பக்கம் வரமாட்டான்."

"என்ன பேசினிய பெரியப்பா?"

"பேசவா? வாயே தொறக்கலியே! துணைவேந்தர் வாசிச்சாரு, வகுப்ப எடுத்துரலாமான்னு. ஒரு பய மூச்சு விடல. நானும் கல்லு மாதிரி இருந்தேன். அவரு அங்கன பாத்தாரு, இங்கன பாத்தாரு. தாளப் பொரட்டிட்டு அடுத்ததுக்குப் போயிட்டாரு. அம்புட்டுதான்."

தங்கச்சி என் கையைப் பிடித்துக் குதித்தாள். நானும் குதித்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. எங்கள் கோயில் கமிட்டியில் அப்படித்தான். ஒருவர் ஒரு யோசனை சொல்கிறார், மற்றவர்களுக்குப் பிடிக்கவில்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னவர் மச்சானாக இருப்பார், சம்பந்தியாக இருப்பார். எல்லாரும் தரையைப் பார்ப்பார்கள். தலைவர், "சரி, பொறவு பாப்போம்," என்பார். அந்த யோசனை அதோடு செத்தது. ஒரு காரியம் நடக்க வேண்டுமானால் நாலு பேராவது வாய் திறந்து "ஆட்டும்" என்று சொல்ல வேண்டும். தோணியிலும் இதே வழக்கம். தோணியை நடத்தும் தண்டல், "பாயை இறக்கு" என்று கத்தினால் "இறக்குதோம்" என்று பதில் குரல் வர வேண்டும். வராவிட்டால் பாய் இறங்கவில்லை என்று அர்த்தம். பெரியப்பா கமிட்டியிலும் இருந்தவர், தோணியிலும் பிழைத்தவர். அவர் சும்மா இருந்தார் என்றால் அதைவிடப் பலமான எதிர்ப்பு எங்களுக்குத் தெரியாது.

வகுப்புக்கே மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். நண்டுகளுக்குப் புதுத் தண்ணீர் மாற்றினோம்.

கொஞ்ச நாளில் கல்லூரி முதல்வர் எங்களை அழைத்தார். பல்கலைக்கழகத்திலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்றார். எங்கள் வகுப்பு இந்தக் கல்வியாண்டோடு திரும்பப் பெறப்படுகிறது. சிண்டிகேட் ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறது.

ஏகமனதாக! அந்த ஏக மனதுக்குள் பெரியப்பாவின் மனதும் இருக்க வேண்டுமே? கல்லூரியிலிருந்து நேரே பீச் ரோட்டுக்கு ஓடினேன். பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"எவன் சரின்னு சொன்னான்? பேரச் சொல்லச் சொல்லு! அந்த அறையில நான் இருந்திருக்கேன். ஒரு வாய் அசையல."

என்னையும் இழுத்துக்கொண்டு முதல்வர் அறைக்கே வந்துவிட்டார். முதல்வர் நாசரேத் பக்கத்துக்காரர். மிஷன் பள்ளியில் படித்தவர். கோடு போட்ட மாதிரி பேசுவார்.

"அண்ணாச்சி, நீங்க எதிர்த்தீங்களா?"

"எதுத்தேனே."

"என்ன சொல்லி எதிர்த்தீங்க?"

"ஒண்ணும் சொல்லல. அதாம் எதுத்தது."

முதல்வர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சிரிப்பை அடக்குகிறாரா, அழுகையை அடக்குகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. "அங்க அப்படி இல்ல அண்ணாச்சி. பொருளை வாசிப்பாங்க. ஆட்சேபணை சத்தம் வரலைன்னா எல்லாருக்கும் சம்மதம்னு எழுதிக்குவாங்க."

"சம்மதம்னா வாயால சொன்னா என்ன? வாய்க்குள்ள கொழுக்கட்டையா?"

"அத்தனை பேரும் அத்தனை பொருளுக்கும் வாயால சொன்னா கூட்டம் முடியாதே."

"எங்க கமிட்டியில முடியுதே!"

"உங்க கமிட்டியில எத்தனை பொருள்?"

பெரியப்பா யோசித்தார். "ஒண்ணுதான். திருவிழா."

எனக்குத் தலை சுற்றியது. சட்டப் புத்தகத்தில் இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கோரம் இருக்கிறது, வாக்கெடுப்பு இருக்கிறது, சமமாக விழுந்தால் துணைவேந்தருக்கு இன்னொரு வாக்கு இருக்கிறது. யாரும் பேசாவிட்டால் அது என்ன என்று ஒரு வரி கிடையாது. இன்னொரு சந்தேகமும் வந்தது. அறையில் இருந்த மற்றவர்கள் ஏன் பேசவில்லை? ஒருவர் ஆறுமுகநேரிப் பக்கத்து வக்கீல். ஒருவர் எங்கோ ஒரு கல்லூரி முதல்வர். அவர்களும் எங்கள் ஆட்கள் மாதிரி, முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது என்றுதான் சும்மா இருந்தார்களோ? அப்படியானால் எல்லாரும் எதிர்த்தது ஏகமனதாக நிறைவேறியிருக்கிறது. இதை நான் வாய்விட்டுக் கேட்டதும் முதல்வர், "அம்மா, நீ வகுப்புக்குப் போ," என்றார்.

ஆனால் அவரே ஒரு வழியும் சொன்னார். அடுத்த கூட்டம் தொடங்கியதும் போன கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை உறுதி செய்யக் கேட்பார்கள். அப்போது பெரியப்பா வாய் திறக்க வேண்டும். ஏற்கெனவே படிக்கிற மாணவர்களையாவது விட்டுவைக்கும்படி கல்லூரியும் கேட்டு எழுதும்.

அதற்குப் பெரியப்பா வீட்டில் ஒத்திகை நடந்தது. கொழும்பு ரேடியோவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். தங்கச்சி துணைவேந்தர். நான் சிண்டிகேட்டின் மிச்சம் அத்தனை பேரும்.

"உறுப்பினர்களை வரவேற்கிறேன்," என்றாள் துணைவேந்தர்.

"ஆட்சேபணை!" என்றார் பெரியப்பா.

"அப்பா, அது வரவேற்பு."

"பொறவு எதுக்குத்தாம்ளா சும்மா இருக்கணும்?"

"உங்களுக்குச் சரின்னு படுததுக்கு," என்றேன்.

"சரின்னா பேசப்படாது. தப்புன்னாதான் பேசணும். எந்த ஊரு நியாயம் இது? தப்பப் பேசி வாயக் கெடுத்துக்கிடவா பி.ஏ. படிச்சேன்?"

ஆனாலும் கற்றுக்கொண்டார். சாப்பிடும்போதும் தங்கச்சி, "குழம்பு, ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டுப் பழக்கினாள். கோட்டு அவளுக்கு வர வேண்டுமே.

இரண்டாவது கூட்டத்தன்று அந்தக் கட்டடத்தில் கரண்ட் இல்லை. புழுக்கம் தாங்காமல் தேக்குக் கதவைத் திறந்து வைத்தார்கள். பெஞ்சிலிருந்து எல்லாமே கேட்டது. அவர்கள் இங்கிலீஷில் பேசியதைத் தமிழில் சொல்கிறேன்.

முதலில் இரங்கல் தீர்மானம். ஏதோ ஒரு பழைய உறுப்பினர் இறந்திருந்தார். நாற்காலிகள் நகர்ந்தன, எல்லாரும் எழுந்து நின்றார்கள். ஆழ்ந்த அமைதி. அந்த அமைதிக்குள் பெரியப்பாவுக்கு என்ன தோன்றியதோ, சும்மா இருந்தால் மறுபடியும் ஏதாவது தவறாகிவிடும் என்று பயந்தாரோ, கணீரென்று ஒரு குரல்: "ஆட்டும்!"

தங்கச்சி தாவணியை வாயில் அமுக்கிக்கொண்டாள். உள்ளே யாரோ இருமினார்கள்.

அடுத்து நடவடிக்கைக் குறிப்பு. "ஆட்சேபணை!" என்றார் பெரியப்பா, சரியான இடத்தில். எழுந்து நின்று எங்கள் கமிட்டியைச் சொன்னார். தண்டலைச் சொன்னார், பாயைச் சொன்னார். யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். துணைவேந்தர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "போன கூட்டத்தில் நீங்கள் ஏதாவது பேசினீர்களா?"

"இல்லை."

"யாரும் பேசவில்லை என்றுதானே குறிப்பும் சொல்கிறது? குறிப்பில் பிழை இல்லையே?"

"குறிப்பில் பிழை இல்லை. முடிவில்தான் பிழை."

"குறிப்பைத்தான் இப்போது உறுதி செய்கிறோம். முடிவை அல்ல."

பெரியப்பாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, எனக்குப் புரியவில்லை. குறிப்பு சரி, அதனால் முடிவும் சரி. முடிவு தப்பு என்றாலும் குறிப்பு சரி. ஆய்வுக் குழுவில் வந்த பேராசிரியர் எழுந்து கடல் நீர் இல்லை என்றார். "எத்தனை லாரி வேண்டும்? உங்கள் வாசலிலேயே கொண்டுவந்து கொட்டுகிறேன்," என்றார் பெரியப்பா. இப்போது நன்றாகவே சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். முதல்வரின் கடிதத்தை யாரோ வாசித்தார்கள். அகாடமிக் கவுன்சிலுக்கு அனுப்பலாம் என்றது ஒரு குரல். அங்கிருந்துதானே வந்தது என்றது இன்னொன்று. கடைசியில் துணைவேந்தர் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தீர்மானமாக்கினார்.

"இப்போது படிக்கும் மாணவர்கள் மட்டும் மூன்று ஆண்டுகளையும் இதே பாடத்தில் முடிக்கலாம். இனிப் புதிய சேர்க்கை கிடையாது. ஆட்சேபணை உண்டா?"

முதல் வாக்கியத்தில் நான் எழுந்தே விட்டேன். மூன்று வருஷம்! அப்பா சொன்ன அதே மூன்று. இரண்டாவது வாக்கியம் எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் ஏறியது. தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவளுக்கு முதலிலேயே ஏறியிருந்தது. திறந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது பெரியப்பா பேச வேண்டும். எத்தனை நாள் ஒத்திகை! ஆட்சேபணை என்ற ஒரு சொல். சொன்னால் அந்தத் தீர்மானம் உடையும். உடைந்தால் பழைய முடிவுதான் நிற்கும், நான் வேம்பாருக்குப் போவேன். சொல்லாவிட்டால் நான் படிப்பேன், அவர் மகள் படிக்கமாட்டாள். அல்லது சொன்னால் இரண்டு பேருக்குமே கிடைக்குமோ? அதற்கும் வழி இருந்ததோ? எனக்குத் தெரியவில்லை. உள்ளே இருந்தவருக்குத் தெரிந்திருக்குமா?

ஒரு சத்தமும் வரவில்லை. தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"அடுத்த பொருள்."

காரில் திரும்பினோம். தங்கச்சி சன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாஞ்சாலங்குறிச்சிக்குப் பிரியும் பாதை வரைக்கும் நானும் பொறுத்துப் பார்த்தேன். நான் பொறுக்கிற ஜாதி இல்லை.

"பெரியப்பா, கடைசியில நீங்க சும்மா இருந்தது நம்ம கமிட்டிக் கணக்கா, அவுங்க கணக்கா?"

எனக்குச் சம்மதம் தந்தாரா, அவளுக்காக மறுத்தாரா என்பதுதான் கேள்வி. அவர் முன் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்தார். உப்பு ஏற்றிய லாரி ஒன்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். பெரியப்பா பதில் சொல்லவில்லை. அந்தப் பேசாமையை மட்டும் நான் எந்தக் கணக்கில் சேர்க்க?

எங்கள் வகுப்பு முதல் வகுப்பாகவும் கடைசி வகுப்பாகவும் மூன்று வருஷத்தையும் முடித்தது. எங்களுக்குச் சீனியரும் இல்லை, ஜூனியரும் இல்லை. நண்டுகளைக் கடைசி நாளில் நாங்களே டின்னில் எடுத்துப் போய்க் கடலில் விட்டோம். தங்கச்சி வரலாறு படிக்கப் போனாள். நன்றாகத்தான் படிக்கிறாள், கேட்டால் பிடித்திருக்கிறது என்கிறாள்.

பரீட்சை முடிவு வந்த வாரம் அந்த வெள்ளைக் கோட்டைத் துவைத்து, கஞ்சி போட்டு, மடித்து அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கொடுப்பதா வேண்டாமா என்று வழியெல்லாம் யோசனை. கொடுத்தால் குத்திக்காட்டுவது போல இருக்கும். கொடுக்காவிட்டால் வாக்குத் தவறியது போல இருக்கும். கடைசியில் நீட்டிவிட்டேன்.

"உனக்குன்னு சொன்னது. வேணுமா?"

வாங்கினாள். உதறிப் பார்த்தாள். பையில் ஒரு சின்னச் சிப்பி கிடந்தது, துவைக்கும்போது நான் கவனிக்கவில்லை. அதை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி பையிலேயே போட்டாள். கோட்டை ஆணியில் மாட்டினாள்.

ஒன்றும் சொல்லவில்லை.